இடது காது

மணியைக் கோடைக்கானலுக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல மாமா வந்தது ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் முருங்கைத் தோட்டம். மே மாதம் கோடை விழாவில் நாய்க் கண்காட்சி உண்டு. மணிக்கு அப்போது எட்டு மாதம். வெள்ளை வெளேர் என்ற ராஜபாளையம். இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண். முதல் சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்கிய நாய்.

மாமா முப்பது வருடமாக நாய் வளர்ப்பவர். ஷோவுக்குக் கொண்டுபோய்க் கப்பு வாங்கியவர், வெறுங்கையோடு திரும்பியும் வந்தவர். அவர் வந்ததும் மணியைத் தொடவே இல்லை. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாலு மாசத்துல எதுக்குக் கூப்பிட்டும் வரலைன்னு கோவிச்சுக்கிட்டேல்ல மாப்ள? அப்ப கால் ஒருபக்கம் வளரும், உடம்பு ஒருபக்கம் வளரும். அந்த வயசுல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. எட்டு வாரத்துல ஒருக்கா பாக்கணும், பல்லெல்லாம் மொளச்சப்புறம் ஒருக்கா பாக்கணும்."

பிறகு மணியைச் சமதரையில் நிற்க வைக்கச் சொன்னார். பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தார். நெஞ்சு முழங்கை வரைக்கும் இறங்கியிருக்கிறதா, வயிறு மேலே ஏறியிருக்கிறதா, முதுகு தொய்யாமல் இருக்கிறதா. வாயைத் திறந்து பல் பார்த்தார். மொத்தம் 42 பல் இருக்க வேண்டும். மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி லேசாக மூட வேண்டும், கத்திரிக்கோல் மாதிரி. விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் ரிங்கில் அதோடு கதை முடிந்தது. கடைசியாக என்னை வரப்பை ஒட்டி அதை ஓட்டச் சொன்னார். போகும்போது பின்னங்கால்கள் உள்பக்கம் இடிக்கின்றனவா, வரும்போது முன்னங்கால்கள் பின்னுகின்றனவா என்று குனிந்து பார்த்தார்.

"நல்ல நாய்டா" என்றார். எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

மணி களைத்துப்போய் வேப்பமரத்தடியில் சரிந்து படுத்தது. மாமா டிவிஎஸ் சாவியை எடுத்தார். வீடு, மோட்டார் ரூம், பெட்டி என்று திண்டுக்கல் பூட்டுச் சாவிகளெல்லாம் கோர்த்த கனமான கொத்து. மணிக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று குலுக்கினார். மணி அசையவில்லை. மறுபடி குலுக்கினார். வயிறு ஏறி இறங்கியதே தவிர காது திரும்பவில்லை.

அதை எழுப்பி, கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கமாகப் படுக்க விட்டார். குலுக்கினார். சட்டென்று தலையைத் தூக்கியது. ஆனால் சத்தம் வந்த பக்கம் பார்க்காமல் கிணற்றுப் பக்கம் பார்த்தது.

"வலது காது தரையில அமுங்கிருந்தா எந்திரிக்க மாட்டேங்குது. இடது காது கேக்கல மாப்ள. ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன். பொய். முழுப்பொய் இல்லை, முக்கால் பொய். அம்மா அடுப்படியில் எவர்சில்வர் தட்டைப் போட்டபோது தூங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் கூப்பிட்டால் முதலில் தப்பான திசைக்கு ஓடி, பிறகு கண்ணால் தேடித்தான் என்னிடம் வரும். விளையாட்டுப் புத்தி என்று சொல்லிக்கொண்டேன். இன்டர்நெட்டில் தேடக்கூட இல்லை. தேடினால் தெரிந்துவிடுமே.

அன்றைக்கு ராத்திரி தேடினேன். உள்காதில் சத்தத்தை வாங்கும் பகுதி உயிரோடிருக்க நிறமிச் செல்கள் வேண்டும். தோலை வெள்ளையாக்கும் அதே மரபு சில குட்டிகளில் அந்தச் செல்களைக் காது வரைக்கும் போகவிடுவதில்லை. பிறந்து சில வாரங்களில் கேட்கும் திறன் செத்துப்போகிறது. ஒரு காதாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். டால்மேஷியன் நாய்களில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வுகளில் 100-க்குக் கிட்டத்தட்ட 30 நாய்களுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு விஷயம். பிறக்கும்போதே தலையில் பெரிய கறுப்புத் திட்டோடு வரும் டால்மேஷியன்களுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் ஷோ விதிப்படி அந்தத் திட்டு ஒரு குறை. காது கேட்கிற குட்டியை ஒதுக்கிவிட்டுக் காது கேட்காமல் போகக்கூடிய குட்டியைத்தான் ரிங் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நீ வாங்கப் போனப்ப அந்த ஈத்துல எத்தன குட்டி?"

"ஏழு."

"எல்லாம் வெள்ளையா?"

ஒன்று மட்டும் முகத்தில் செவலைத் திட்டோடு இருந்தது. தனியாக ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டிருந்தார்கள். 'அது கலப்பு மாதிரி தெரியும் தம்பி, நீங்க பாக்காதீங்க' என்றார்கள். நான் பார்க்கவில்லை.

"சின்ன வயசுல எங்க ஊர்ல திட்டுக்குட்டி பொறந்தா கெணத்துல போட்டுருவாங்க. நானே கொண்டுபோயிருக்கேன்" என்றார் மாமா. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "ரிங்குல காது பாப்பாங்களா மாமா?"

"பாக்க மாட்டாங்க. ஒரு காது நல்லா கேக்குதுல்ல, எந்த ஜட்ஜாலயும் கண்டுபிடிக்க முடியாது. கப்பு வந்தாலும் வரும்." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்புறம் நாலு பேரு பொட்டையக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிப்பான். அப்ப என்ன சொல்லுவ?"

அந்தக் கேள்வி வரைக்கும் ஷோ என்பதை நான் ஓர் அழகுப்போட்டியாகத்தான் நினைத்திருந்தேன். அதன் தொடக்கம் அப்படியில்லை. முதல் நாய்க் கண்காட்சி என்று சொல்லப்படுவது 1859-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. வந்ததெல்லாம் பாயிண்டர், செட்டர் என்ற வேட்டை நாய்கள். அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாக எதை வைப்பது என்று பார்க்கிற இடம் அது. விரையைத் தடவிப் பார்ப்பது அதற்குத்தான். கப்பு என்பது ஒரு நாயின் அழகுக்குத் தரும் பரிசு மட்டுமில்லை, இதன் குட்டிகளை நம்பி வாங்கலாம் என்று ஊருக்குச் சொல்லும் வாக்கு.

நம் நாய்களைப் பொறுத்தவரை இந்த வாக்குக்கு இன்னும் கனம் அதிகம். ஒரு காலத்தில் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் காடும் காவலும்தான் சோதித்தன. காது கேட்காத நாய் ராத்திரிக் காவலில் ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்ளும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போனது, போகவேண்டியதுதான். காவலுக்கு இப்போது கேமரா இருக்கிறது. மிஞ்சியிருக்கும் ஒரே சோதனை பார்வை. 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020-ல் மத்திய அரசின் கால்நடை மரபுவளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவுசெய்தது. பெருமைதான். ஆனால் இருக்கிற கொஞ்சம் நாய்களில் கப்பு வாங்கிய ஒரே ஒரு கடுவன் எத்தனை ஈத்துக்குத் தகப்பனாக முடியும் என்று யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது தெளிவாக எழுதிவிட்டேன். அன்றைக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு வாரம் மாமாவிடம் பேசவில்லை. கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, இனச்சேர்க்கைக்கு மட்டும் விடாமல் இருந்தால் போதாதா என்று எனக்கு நானே வாதாடினேன். அந்த வாரத்திலேயே பழனிப் பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார். இன்ஸ்டாவில் மணியின் போட்டோவைப் பார்த்தாராம். பெண் நாய் பருவத்துக்கு வரப்போகிறது, பத்தாயிரம் தருகிறேன் என்றார். ஷோவுக்குப் போகாமலே பத்தாயிரம். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கு என்மேல் நம்பிக்கை போனது அந்த 'நாளைக்கு'வில்தான்.

மறுநாள் அவரைக் கூப்பிட்டு, இடது காது கேட்காது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வெளிய தெரியாதுல்ல தம்பி" என்றார்.

மணிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தாகிவிட்டது. மே மாதம் மாமாவும் நானும் மட்டும் கோடைக்கானல் போய் வேடிக்கை பார்த்தோம். ராஜபாளையங்கள் வரிசையாக நின்றபோது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவருமே நாய்களின் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். காதில் பார்த்து என்ன தெரியும்.

குட்டி விற்ற இடத்துக்கும் போன் செய்தேன். அந்தத் திட்டுக்குட்டி என்ன ஆனது என்று கேட்டேன். யாரோ தோட்டக் காவலுக்குச் சும்மா வாங்கிப் போனார்களாம். எந்த ஊர் என்று அவர்களுக்கு ஞாபகமில்லை.

மணி இப்போதும் வலப்பக்கமாகச் சரிந்துதான் தூங்குகிறது. தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்க வரும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கிட்டே போவதற்கு முன்னால் தரையை ஒருமுறை காலால் தட்டுவோம். மண் வழியாக அதற்குத் தெரிந்துவிடும்.