குதிரைத்திறன் கடைசியில்தான்

டெல்லி யமுனா பஜார் படித்துறையில் இன்றும் துடுப்புதான். குளிர்காலத்தில் வந்திறங்கும் கடற்காகங்களுக்குத் தீனி வீசவே பாதிப் பயணிகள் படகேறுகிறார்கள். இன்ஜின் உறுமினால் பறவையும் போய்விடும், வரும்படியும் போய்விடும். அவுட்போர்டு இன்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ள மீட்புப் படகுகளைப் பழுதுபார்க்கிறவரிடம்தான் போக வேண்டும்.

“சின்னப் படகுக்கு எத்தனை குதிரைத்திறன் எடுக்கலாம், உஸ்தாத்?” என்றேன். பதில் சொல்லாமல் டேப்பை எடுத்துப் படகின் பின்பலகையை அளந்தார். பதினைந்து அங்குலம் என்றால் குட்டை ஷாஃப்ட், இருபது என்றால் நெட்டை. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஏறி நின்றால் புரொப்பல்லர் காற்றைக் குடித்து வீணாகச் சுழலும். ரொம்ப இறங்கினால் வண்டலைக் கிண்டும். கோடை யமுனையில் இந்த இரண்டாவது தொல்லைதான் அதிகம்.

அன்று மேடையில் கிடந்த இன்ஜினின் புரொப்பல்லரைக் கழற்றினார். ஷாஃப்டைச் சுற்றி சாமந்தி மாலை நூல், ஜரிகை வைத்த சிவப்புத் துப்பட்டா, பால் பாக்கெட் எல்லாம் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தன. கத்தியால் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. நூல் சீலுக்குள் புகுந்துவிட்டால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்துவிடும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் போயிற்று என்று அர்த்தம். பிளாஸ்டிக் பை வேறு விதம். குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் வாயை அது அடைத்துக்கொள்ளும். பின்பக்கம் ஊசியாய்ப் பீய்ச்சும் தாரை நின்றதும் இன்ஜினை அணைக்காவிட்டால் ஆற்றுக்கு நடுவிலேயே இறுகிவிடும்.

இங்கே இன்ஜின் வருஷத்தில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கிறது. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். அதனால் அவர் ஓட்டு பழைய டூ-ஸ்ட்ரோக்குக்கு: எடை குறைவு, ஒரு ஸ்பேனரில் பிரித்துவிடலாம். அது எரியாத எண்ணெயை ஆற்றிலேயே துப்புமே என்றேன். “இந்த ஆற்றிலா, சார்?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கி, மாதம் ஒருமுறை டிரம் தண்ணீரில் ஓட்டி வைத்தால் போதும் என்பது என் கட்சி. அதற்கு ஆள் யார் போடுவார்கள் என்று அவர் கேட்டதும் நியாயமே.

2023 ஜூலை 13-ல் பழைய ரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-ன் உச்சமே 207.49தான். தெருக்களுக்குள் படகு போன நாட்கள் அவை. பிரதான ஓட்டத்தை எதிர்த்து ஏற 40 குதிரைத்திறன் வேண்டும். சந்துக்குள் நுழைந்தால் மூழ்கிய பைக்கும் இரும்புக் கிராதியும் இருக்கும். அங்கே இன்ஜினை மேலே சாய்த்துவிட்டுத் துடுப்புப் போட்டாக வேண்டும் என்றார். சட்டென்று சாய்க்க முடியாத இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் தனக்கு வேண்டாமாம்.

சோனியா விஹார் பக்கம் பேட்டரிப் படகு விடும் திட்டத்தைச் சொன்னேன். புகை இல்லை, சத்தம் இல்லை, நல்லதுதான் என்று தலையாட்டியவர், சிவப்புத் துப்பட்டாவை ஓரமாய் எறிந்துவிட்டுக் கேட்டார்: “அதன் புரொப்பல்லர் எவ்வளவு ஆழம் இறங்கும்?”