ஆகு, ஆகு

செப்டம்பர் 9, 2025

எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நேற்று வாங்கிய கொய்யாப்பழத்தில் இரண்டு நசுங்கிப் போயிருந்தன. அம்மா அவற்றையும் மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுவிட்டாள்.

செப்டம்பர் 11

இன்றைக்காவது எழுதிவிட வேண்டும். திங்கட்கிழமை ராத்திரி. ஆடிட் வேலை, திருப்பதியில் பஸ் ஏறும்போதே எட்டாகிவிட்டது. ஆகஸ்ட் 15லிருந்து ஆந்திராவில் பெண்களுக்கு பஸ் இலவசம். ஆதார் கார்டைக் காட்டினால் பூஜ்ஜியம் போட்ட டிக்கெட் கிழித்துத் தருகிறார்கள். அதனால் உட்கார இடமில்லை. பூதலப்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். சித்தூரில் இறங்கினபோது மணி பத்து.

எங்கள் சந்தில் இரண்டு விளக்கு எரியாமல் மாதக்கணக்காகிறது. பைக் ஒன்று பின்னாலிருந்து வந்து தாண்டிப் போயிற்று. இரண்டு பேர். திரும்பி எதிரே வந்து மறுபடி தாண்டினார்கள். மூன்றாவது தடவை என் நடை வேகத்துக்கு பக்கத்திலேயே உருட்டினார்கள். ஓட்டுகிறவன் ஏதோ உதவி செய்கிறவன் போல, 'எக்கடிக்கு வெள்ளாலி?' என்று மெதுவாகக் கேட்டான். பின்னால் இருந்தவன் கைப்பை வாரைப் பிடித்தான். பையைப் பிடுங்கவில்லை. பிடித்தபடி இருந்தான், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஏதோ ஒரு வீட்டில் கேட்டுத் தாழ்ப்பாள் க்ளக்கென்றது. வண்டி பறந்துவிட்டது. பின் விளக்கு எரியவில்லை. நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் 47.

மொத்தம் கால் நிமிஷம் இருக்குமா?

அவன் கையைக் கூட நினைக்காமல் இருந்துவிடுகிறேன். சத்தம் வராததுதான் போகமாட்டேன் என்கிறது. தமிழில் கத்துவதா தெலுங்கில் கத்துவதா என்று மூளை அந்த நேரத்திலும் யோசித்த மாதிரி இருந்தது. காய்கறி வாங்குவது தெலுங்கில், சாமி கும்பிடுவது தமிழில், கணக்கு எழுதுவது இங்கிலீஷில். கத்துவதற்கென்று ஒரு பாஷையை நாற்பத்தொரு வயது வரை எடுத்து வைக்காமலே இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 12

'ஒண்ணும் ஆகலையே' என்று சொன்னவர்கள்: தம்பி, தம்பி மனைவி, மாடி வீட்டு ஆன்ட்டி, ஆபீசில் மேனேஜர், நான்.

செப்டம்பர் 16

பக்கத்து மேஜை அக்கா தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள், பெப்பர் ஸ்பிரே. பெண் ஹைதராபாத்தில் வேலைக்குப் போனபோது இரண்டாக வாங்கியதாம். அது 2019 டிசம்பர். ஷம்ஷாபாத் சுங்கச்சாவடி பக்கம் கால்நடை டாக்டர் பெண்ணைக் கொன்றதற்கு அடுத்த மாதம், ஊரெல்லாம் இதைத்தான் தேடி வாங்கினார்களாம். ஹைதராபாத் மெட்ரோவில் கூட பெண்கள் கொண்டுபோகலாம் என்று அப்போது அனுமதித்தார்கள். அக்காவின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்குத் தெரியவில்லை. காலம் போனால் மருந்து போகாவிட்டாலும், உள்ளே அடைத்த காற்றழுத்தம் போய்விடும். அமுக்கினால் காலடியிலேயே சொட்டும்.

சாயந்திரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டிராவல் பேக் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலைந்து வகையைப் பரப்பினார். உதட்டுச்சாயக் குப்பி மாதிரி ஒன்று, சாவிக்கொத்தில் தொங்குவது ஒன்று, எல்லாம் ரோஸ் கலர். பெண்கள் சாமான் என்றால் ரோஸ் கலர் என்று யார் விதித்தார்களோ. இருட்டுப் பைக்குள் துழாவி எடுக்க வேண்டிய சாமானை உதட்டுச்சாயம் மாதிரி செய்து வைத்தால், அவசரத்தில் உதட்டுச்சாயத்தைத்தான் நீட்டுவேன்.

முந்தின ராத்திரி முழுக்கப் படித்ததில் தெரிந்துகொண்டது: மூன்று வகை. புகைமூட்டமாய்ப் பரவுவது, பீச்சாங்குழல் மாதிரி நேர்கோட்டில் போவது, பசை. பரவுவதற்குக் குறி வேண்டாம். ஆனால் காற்று திரும்பினால் நம் முகத்துக்கே வரும். பசை காற்றில் அலையாது. ஆனால் கண்ணில் நேராகப் பட வேண்டும். பஸ்ஸுக்குள் எதுவுமே ஆகாது, அறுபது பேரும் இருமிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். என் கஷ்டம் சந்தில், பைக்கில் வருகிறவனிடம். பீச்சுகிறதே போதும் என்றேன். எட்டடி பத்தடி போகுமாம். கட்டைவிரலில் மூடியைத் தள்ளி அமுக்குகிற மாதிரி கறுப்பு டப்பா ஒன்று, 55 மில்லி. காலாவதித் தேதியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர், 'அம்மா, பாலா இது?' என்றார்.

செப்டம்பர் 18

அம்மா டப்பாவைக் கையில் வாங்கி, 'இதானே பார்லிமென்டுல அடிச்சது?' என்றாள். ஞாபகம் இருக்கிறது. 2014 பிப்ரவரி 13. ஆந்திராவைப் பிரிக்கிற மசோதா மக்களவைக்கு வந்த அன்றைக்கு, விஜயவாடா எம்.பி. லகடபாடி ராஜகோபால் சபைக்குள் பெப்பர் ஸ்பிரே அடித்தார். உறுப்பினர்கள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேட்டதற்குத் தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்றார். பெண்களைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்ன சாமானை ஊரறிய உபயோகித்த ஆந்திராக்காரர், சுற்றி வர காவல் நிற்கிற கட்டடத்துக்குள் இருந்த ஆண்.

லைசென்ஸ் வேண்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம். விமானத்துக்குள் மட்டும் கையோடு எடுத்துப் போகக் கூடாது. தன்னைக் காத்துக்கொள்கிற உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34லிருந்து 44 வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிற நிபந்தனையோடு. போன வருஷம் மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு சொத்துத் தகராறில் ஸ்பிரே அடித்தவர்கள் மேல் போட்ட வழக்கை ரத்து செய்ய மறுத்து, இது அபாயகரமான ஆயுதம்தான் என்றது. ஆக, பத்தடி தூரத்தில் பைக் வரும்போது நான் முதலில் தேவை எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். கணக்கு என் தொழில்தான், ஆனாலும்.

தம்பி போனில், 'கம்ப்ளெயின்ட் குடுக்கா' என்றான். எங்கே கொடுப்பது? 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கிவிட்டார்கள். வேலை ஒரு மாவட்டம், வீடு ஒரு மாவட்டம். எல்லையெல்லாம் பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் எழுதி வாங்கியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தெரியும். ஷம்ஷாபாத் பெண்ணின் வீட்டாரை அந்த ராத்திரி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைய விட்டதும் தெரியும். எனக்கு நடந்தது சித்தூரில்தான், சித்தூர் ஸ்டேஷன் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்தைச் சாக்காகச் சொல்கிறேன்.

படுக்கும்போது அம்மா ஜாக்கெட்டின் உள்மடிப்பிலிருந்து இரண்டு ஊக்கைக் கழற்றி வைத்தாள். அப்பா இருந்தபோது அவை தாலிக்கொடியில் தொங்கும். புடவைக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். 'வேலூர் பஸ்ஸுல வேலைக்குப் போன காலத்துலேர்ந்து' என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டாள்.

செப்டம்பர் 21, மகாளய அமாவாசை

வாங்கினதும் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும், அரை செகண்ட், வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று. தம்பி தர்ப்பணத்துக்கு வந்திருந்தான். அம்மா கைப்பிடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுக் கா, கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மாடியின் அந்தக் கோடியில் நின்று, காற்று எங்கிருந்து வருகிறதென்று கொடியில் காய்கிற வேட்டியைப் பார்த்தேன். மேற்கேயிருந்து. கிழக்கே பார்த்து அமுக்கினேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு போய், பழைய வாட்டர் டேங்கில் பட்டுத் தெறித்தது. இவ்வளவுதானா என்று நினைத்த நிமிஷம் வேட்டி மறுபக்கம் பறந்தது.

எங்கள் மூன்று பேருக்கும் இருமல். எனக்கு வலது கண்ணில் பொட்டளவு பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடவில்லை, அதுவே மூடிக்கொண்டது. தம்பி பால் கொண்டுவர ஓடினான். பால் வேண்டாம், தண்ணீர்! பாலையும் தண்ணீரையும் வைத்துச் சோதித்துப் பார்த்ததில் வித்தியாசமில்லை என்று படித்திருந்தேன். தேய்க்கக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது, தண்ணீரைக் கொட்டிக்கொண்டே கண்ணைச் சிமிட்ட வேண்டும், குழந்தை ஷாம்பு இருந்தால் தோலைக் கழுவலாம். முக்கால் மணி நேரம் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா, 'தாளிக்கிற கமறல்தான்டி, கொஞ்சம் ஜாஸ்தி' என்றாள். அவள் சொன்னது விஞ்ஞானப்படியும் சரிதான். மிளகாயின் காரம் நாக்கிலும் கண்ணிலும் சூட்டை உணர்கிற நரம்புக் கதவைத் திறந்துவிடுகிறது, உடம்பு நெருப்பென்று நம்பிவிடுகிறது. அந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பெயரில்தான் பெப்பர், மிளகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாம் மிளகாய்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனால், மருந்து தெறித்த சோற்றைக் காக்காய் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது. விதையைத் தூக்கிப் போய்ப் போடுவதே அவைதானே. 'அப்பாவுக்கு எப்பவுமே காரம் ஒண்ணும் செய்யாது' என்றான் தம்பி. மூன்று பேரும் சிரித்தோம். அழுத கண்ணோடு. இந்த மாதத்தில் முதல் தடவை.

சாப்பிட்டுக் கிளம்பும்போது, 'வேலையை விட்டுடேன்' என்றான். சிரித்ததெல்லாம் போயிற்று.

செப்டம்பர் 28

திருமலையில் கருட சேவை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. டப்பா பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே. இறங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 30

கைக்கு எட்டாத சாமான் இருந்தென்ன? இனி பஸ் ஊருக்குள் நுழையும்போதே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வதென்று வைத்திருக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கத்திப் பழகினேன். 'ஆகு!' தெலுங்கில் நில் என்று அர்த்தம். சந்தில் இருக்கிற எல்லோருக்கும் புரியும், ஒரே மூச்சில் வரும். சிக்கல் என்னவென்றால் என் காதில் அது தமிழாகத்தான் விழுகிறது. நில் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நடக்கட்டும் என்று சொல்கிற மாதிரி. ஒண்ணும் ஆகலையே. ஆகு. ஆகு.

கதவுக்கு வெளியே அம்மா, 'என்ன ஆகணும்?' என்றாள்.

அக்டோபர் 6

நல்ல நிலா. சந்து பாதி தாண்டியிருப்பேன். பின்னால் பைக். வேகம் குறைந்தது. திரும்பினேன், மூடியைத் தள்ளினேன், கை தானாக நீண்டது. 'ஆகு!' என்றேன். வந்தது சத்தம்! நாய்கள் எழுந்தன, இரண்டு வீட்டில் விளக்கு போட்டார்கள். வண்டி நின்றது. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, 'அக்கா, நேனே, நேனே' என்றான். மூலை வீட்டுப் பையன். பதினேழு வயது இருக்கும். ஹாண்டில்பாரில் மருந்துக் கடைப் பை தொங்கியது. அவன் கண்ணில் இருந்த பயத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே பார்த்திருப்பேன்? நான் என்னையே பார்த்திருக்க முடியாது.

மன்னிப்புக் கேட்டேன், தமிழிலும் தெலுங்கிலும். பரவாயில்லக்கா என்றான். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். அவன் வீட்டுக் கேட்டுத் தாழ்ப்பாள் க்ளக்கென்றது.

அந்தச் சத்தம்.

அக்டோபர் 7

கட்டைவிரல் இன்னும் நடுங்குகிறது. அமுக்க அரை செகண்ட்தான் மிச்சம் இருந்தது.

அக்டோபர் 11, புரட்டாசிக் கடைசி சனி

அம்மாவின் வேண்டுதல். அவளைத் திருமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் அலிபிரியிலிருந்து நடந்தேன். சோதனையில் பையைத் திறந்து இது என்ன, எதற்கு என்று பதில் சொல்ல மனசில்லை, டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். 3550 படி. 2023 ஆகஸ்டில் இந்த வழியில்தான் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப் போயிற்று. அடுத்த மாதமே தேவஸ்தானம் நடக்கிறவர்களுக்கெல்லாம் கைத்தடி கொடுத்தது. நானும் வாங்கிக்கொண்டு நடந்து, வழியில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தடியால் சிறுத்தையை என்ன செய்வது என்று அன்றைக்கு எல்லோரும் கேலி பேசினார்கள். கூட்டமாகப் போங்கள், சத்தம் போட்டுக்கொண்டே போங்கள் என்றும் சொன்னார்கள். அதைக் கேலி செய்தவர்கள் யாருமில்லை, அந்த வழியில் ஜனங்கள் ஏற்கெனவே அப்படித்தான் போகிறார்கள்.

வழக்கமாக நான் மனசுக்குள்ளேதான் சொல்வேன். இன்றைக்கு ஓசூர்க் கும்பல் ஒன்று முன்னால் போயிற்று. அவர்கள் 'கோவிந்தா' என்றால் பின்னால் யாராவது 'கோவிந்தா' என்றாக வேண்டும். என்னைத் தவிர யாருமில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது தொண்டை கட்டிவிட்டது. அம்மாவிடம் சைகையில்தான் பேசினேன்.

அக்டோபர் 16

மூலை வீட்டுப் பையன் இப்போது சந்து முனையிலேயே இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். நான் முன்னால் நடந்தாலும் இல்லாவிட்டாலும். தூங்குகிற கிழவர்கள் திட்டுகிறார்கள். அவனிடம் வேண்டாமென்று சொல்லலாம். சொல்லவில்லை.

அக்டோபர் 23

தீபாவளி முடிந்து முதல் நாள் ஆபீஸ். மழை. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டீக்கடையில் ஒதுங்கினேன். நிறுத்தியிருந்த வண்டிகளில் ஒன்றின் நம்பர் 47இல் முடிந்தது. மாவட்டத்தில் 47இல் முடிகிற வண்டி எத்தனை இருக்கும்? பின் விளக்கு நன்றாக எரிகிறதா என்று பார்க்க வண்டிக்காரன் வர வேண்டும். புது விளக்கு மாற்றியிருந்தாலும் இருக்கலாம். டீயை வாங்கிக்கொண்டேன். இடது கையில் கிளாஸ், வலது கை பைக்குள். மழை விட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.