முன்வாசல் வழியாக

பண்ருட்டி,
வைகாசி மாதம்.

அன்புள்ள செல்விக்கு அத்தை எழுதுவது.

நீ போனில் அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. உங்கள் முதியோர் இல்லத்தில் அந்தப் பாட்டி இறந்துபோனதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் குரலிலேயே தெரிந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிப் புரட்டுகிற வேலையை வெறும் வயிற்றோடு செய்ய முடியுமா? முதலில் வேளைக்குச் சாப்பிடு.

விடியுமுன்னே பாட்டியின் உடலைப் பின்கதவு வழியாக வண்டியில் ஏற்றிவிட்டார்கள், மற்றவர்கள் பார்த்தால் பயப்படுவார்களாம் என்றாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. காலையில் அந்தக் கட்டிலில் புது விரிப்பைப் பார்க்கிற கிழவிக்கு விஷயம் தெரியாமலா போகும்? நாளைக்கு நம்மையும் இப்படித்தான் ஒளித்துக் கொண்டுபோவார்கள் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். சாவைவிட அந்த நினைப்புதான்டி கொடுமை.

நம் ஆயா போனபோது தெருவே வாசலில் நின்றது. நீங்களெல்லாம் நெய்ப்பந்தம் பிடித்தீர்கள். இந்தப் பாட்டிக்கு வாய்க்கரிசி போட யாருமில்லை என்கிறாய். ஏன், பக்கத்துக் கட்டில்காரி போடக்கூடாதா? இத்தனை நாள் ராத்திரியில் இருமினால் எழுந்து தண்ணீர் கொடுத்தவள் அவள்தானே. அவளைவிட உறவு யார்?

தருமசாலை தொடங்கிய நாளென்று போன வாரம் வடலூர் போயிருந்தேன். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் உன் நினைப்புதான். இறந்தவரை எரிக்க வேண்டாம், அடக்கம் செய்யுங்கள், கருமாதிச் சடங்கு வேண்டாம், ஒருநாள் அன்னம் போடுங்கள் என்றவர் அவர். அழவும் வேண்டாம் என்றார். அது மட்டும் எனக்கு வரமாட்டேன் என்கிறது. நம் பக்கத்திலிருந்து வந்த, வள்ளலார் வழியில் நடக்கிற சன்மார்க்கக்காரர் யாராவது உங்கள் இல்லத்தில் இருந்து, கேட்காமல் மின்தகன மேடைக்குக் கொண்டுபோனால் அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம்!

அதனால் ஒவ்வொருவரிடமும் இப்போதே கேட்டு எழுதி வை. சாவைப் பற்றி எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதே. வயசானவர்கள் அதைப் பேச ஆள் கிடைக்காமல்தான் தவிக்கிறார்கள். யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும், எந்தப் புடவை கட்ட வேண்டும் என்றுகூடச் சொல்வார்கள். அன்னை தெரசா 1952-இல் கல்கத்தா காளிகாட்டில் திறந்த இல்லத்தில் இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன், கிறிஸ்தவருக்கு அவர்கள் முறைப்படி பூசுதல் என்று அவரவர் வழியிலேயே அனுப்பிவைத்தார்கள். தெருவில் கிடந்தவர்களுக்கே அந்த மரியாதை கிடைத்ததென்றால், உங்கள் இல்லத்தில் முடியாதா?

மேலே இருப்பவர்களிடம் பணிவாக, ஆனால் விடாமல் சொல். முன்வாசலில் கொஞ்ச நேரம் கிடத்தட்டும். பேரைச் சொல்லி, பார்க்க விரும்புகிறவர்களைக் கூப்பிடட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரையும் தள்ளிக்கொண்டு வா. நீயும் நின்று அழு, தப்பில்லை.

மாமா பலாப்பழம் ஒன்று பஸ்ஸில் போட்டு அனுப்புகிறார். மூன்றாம் நாள் பழுத்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறு. சர்க்கரை இருப்பவர்களுக்கு நர்ஸைக் கேட்டுக்கொண்டு கொடு. உனக்கும் நாலு சுளை எடுத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
அத்தை