எல்லையோர ஊரிலிருந்து

சக ஆசிரியர் ஒருவர் விடுப்பில் சென்றிருந்த நாளில், அவருடைய புவியியல் வகுப்பையும் கவனித்துக்கொள்ளுமாறு நம்மைப் பணித்தார்கள். அரபி கற்பிப்பதே நம் தொழில். ஆயினும் மத்ரஸாவில் ஓதிய நாள்களிலிருந்தே தேசப்படங்களின் மீது நமக்கு ஒரு தனி மோகம் உண்டு. ஐரோப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டி, அதன் தென்மேற்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் போர்த்துக்கல் நாட்டைச் சுட்டிக் காட்டினோம். மேற்கிலும் தெற்கிலும் அட்லாண்டிக் பெருங்கடல்; வடக்கிலும் கிழக்கிலும் ஸ்பெயின். தரைவழி அண்டை நாடு ஒன்றே ஒன்றுதான். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், அவங்களுக்கு ஒரே ஒரு எல்லைதான். நம்ம ஓசூர்ப் பக்கத்துக்கு எத்தனை?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை சொல்கிறோம் என்று கூறிவிட்டு வந்தோம்.

அந்தப் போர்த்துக்கல்லைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை. 1297ஆம் ஆண்டில் அல்கானிசஸ் என்னுமிடத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையே, சிற்சில மாற்றங்கள் நீங்கலாக, அந்நாட்டின் எல்லையை இன்றுவரை நிலைநிறுத்தி வருகிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய எல்லைகளுள் அது ஒன்று என்பர். ஆனால் அரபி படித்தவன் அந்தப் படத்தைப் பார்த்தால் அவன் கண்ணுக்கு வேறொன்று தென்படும். தென்பகுதியின் பெயர் அல்கார்வ். அது 'அல்கர்ப்', அதாவது மேற்றிசை. எல்லையாக ஓடும் ஆற்றின் பெயர் குவாதியானா. அதன் முற்பகுதி நம் 'வாதீ' அன்றி வேறில்லை. ஆற்றையொட்டி ஸ்பெயின் பக்கத்தில் நிற்கும் பதஹோஸ் நகரமே, இலக்கண மேதை இப்னுஸ் ஸீத் அல்பத்தல்யவ்ஸீ பிறந்த ஊர். அல்கார்வில் முஸ்லிம்களின் ஆட்சி 1249இல் முடிந்துவிட்டது. பெயர்களை மட்டும் எவராலும் அப்புறப்படுத்த முடியவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். தருமபுரியிலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. மேற்கே கர்நாடகம், வடக்கே ஆந்திரம், கிழக்கே திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள், தெற்கே தருமபுரி. ஆக, அண்டை மாநிலங்கள் இரண்டு, அண்டை மாவட்டங்கள் மூன்று. சிறுவனின் கேள்விக்கு விடை இவ்வளவே. ஆனால் விடை சொல்லி முடித்த பின்னரும் விஷயம் முடியவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் வருகிறவர், ஐம்பது கிலோமீட்டர் தூரத்திற்குள் ஏறத்தாழ நானூறு மீட்டர் உயரம் ஏறிவிடுகிறார். காற்று மாறுகிறது, மண்ணின் நிறமும் பயிரும் மாறுகின்றன. மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு அது. நிலம் தானே இட்டுக்கொண்ட எல்லை என்று ஒன்று உண்டானால் அது அந்த மலையேற்றம்தான். முன்னோரும் அதை அறிந்தே கணவாய்க்குக் கீழிருந்ததைப் பாராமஹால் என்றும், மேலிருந்ததைப் பாலாகாட் என்றும் வழங்கினர். அப்படியிருக்க, மாநில எல்லை அந்த ஏற்றத்தில் இல்லை. அதையெல்லாம் தாண்டி மேலேறி வந்து, ஓசூரையும் கடந்து, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே சமதரையில் கிடக்கிறது. அங்கே மலையில்லை, ஆறில்லை, கோடு மட்டுமே உண்டு.

இது எப்படி நேர்ந்தது? திப்பு சுல்தானோடு 1792இல் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமஹால் கும்பினியார் கைக்குப் போயிற்று. காப்டன் ரீட் என்பவரும், அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வந்து நிலங்களை அளந்தனர். பிற்காலத்தில் ரயத்வாரி என்று பெயர்பெற்ற முறைக்கு இங்கேதான் வித்திட்டனர். கணவாய்க்கு மேலிருந்த ஓசூரோ, 1799இல் சுல்தான் ஷஹீதான பிறகு நாட்டைப் பங்கிட்டபோது கும்பினியார் பங்கில் விழுந்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் கலந்து பேசும் ஊர்கள் இவை. 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோதும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தங்கிவிட்டது. நம் வீட்டில் தக்னி உருது, சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், மிஹ்ராபில் அரபி. நான்கையும் ஒரே நாளில் பேசிவிட்டு உறங்கப் போவது இங்குள்ளவர்க்கு ஓர் அதிசயமன்று.

ரீட் துரையும் மன்றோ துரையும் ஆங்கிலத்தில் கணக்கெழுதினாலும், எழுதிய சொற்களில் பல நம்முடையவை. தாலுகா, பிர்க்கா, தாசில், ஜமாபந்தி எல்லாவற்றிலும் அரபி வேர் ஒளிந்திருக்கிறது. 'ஜில்லா' என்கிறோமே, அதன் மூலமான 'ளில்உ' என்பதற்கு விலா எலும்பு என்று பொருள். பக்கம் என்றும் பொருள். அத்துமீறல் என்று அன்றாடம் எழுதுகிறோம். அந்த 'அத்து' நம் 'ஹத்து'தான். எல்லை என்று பொருள்படும். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கண்களை அகல விரிப்பார்கள்.

எல்லை என்பது கோடுதான் என்றாலும், தண்ணீர் அதைக் கடக்கும்போதே அதன் கனம் தெரிகிறது. நந்தி மலைப் பக்கம் தட்சிண பினாகினியாகப் பிறந்து, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து தென்பெண்ணையாகிறது நம் ஆறு. கெலவரப்பள்ளி அணையில் முதலில் தேங்குகிறது; பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை; முடிவில் கடலூர்ப் பக்கம் கடல். பெங்களூரின் கழிவு கலந்து வருவதால் கெலவரப்பள்ளியில் வெண்ணுரை மலைபோல் எழும்பும் காட்சியைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் அணை எழுப்பியதை எதிர்த்துத் தமிழகம் வழக்காடிற்று. 1892இல் சென்னை ராஜதானிக்கும் மைசூருக்கும் ஏற்பட்ட பழைய ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டியும், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தடை வழங்க மறுத்துவிட்டது.

நாம் ஓதிய 'ஹிதாயா'வில் 'ஷிர்பு' என்று ஒரு பகுதி உண்டு. பாசனத் தண்ணீரின் பங்கைப் பற்றியது. பலருக்கும் கூட்டாக உரிமையுள்ள ஓடையில், மேலேயிருப்பவன் தன் வயலுக்கு நீர் ஏறவில்லை என்பதற்காக, கீழேயிருப்போரின் சம்மதமின்றி ஓடையை அடைத்தல் ஆகாது. அடைத்தால் மற்றவர் உரிமை அழிந்துபோகும் என்று அங்கே காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு நாம் மேற்குத் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எளிது. ஆனால் ஓசூர்க்காரராகிய நமக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. நம் தொழிற்பேட்டையும் நம் சாக்கடையும் எந்தப் பக்கம் வடிகின்றன என்று கிருஷ்ணகிரி உழவரைக் கேட்டால் அவர் சொல்வார். போர்த்துக்கல்லும் ஸ்பெயினின் கீழ்மடையில்தான் இருக்கிறது. அவ்விரு நாடுகளும் பொது ஆறுகளுக்காக 1998இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கையெழுத்தான ஊர் அல்புஃபெய்ரா. அப்பெயரும் 'அல்புஹைரா'தான்; ஏரி என்று பொருள்.

கோடு என்று நாம் சொல்லும் இந்த எல்லை சில நாள்களில் சுவராகிவிடும். காவிரியின் பெயரால் 1991 டிசம்பரில் பெங்களூர் பற்றியெரிந்தபோது நாம் அங்கே ஒரு மத்ரஸாவில் மாணவர். ஊர் திரும்பியது எப்படியென்று இப்போது விவரிக்க விருப்பமில்லை. 2016 செப்டம்பரில் மறுபடியும் பேருந்துகள் எரிந்தன. இரு பக்கமும் வண்டிகள் நின்றுவிட, மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் எல்லையை நடந்தே கடந்தன. மறு ஆண்டு ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து, லாரிகள் மைல்கணக்கில் காத்துக் கிடந்த வணிக வரிச் சாவடிகள் ஓய்ந்தன. இனி எல்லை பெயரளவுக்குத்தான் என்று நாமும் நம்பினோம்.

நம் மூத்த சகோதரியாரை ஆனேக்கல்லில் மணமுடித்துக் கொடுத்திருந்தோம். ஆபா என்றே அழைப்போம். ஓசூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். பெருநாள் காலையில் அவர்கள் வீட்டு ஷீர் குர்மா நம் வீட்டுக்கு ஆறுவதற்குள் வந்து சேரும். இடையில் ஒரு மாநில எல்லை இருப்பதாக நாங்கள் ஒருபோதும் எண்ணியதில்லை. 2020ஆம் ஆண்டு ரமலானின் மூன்றாம் நாள், ஸஹர் முடிந்த வேளையில், ஆபா மௌத்தானார்கள் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. ஊரடங்கின் நாள்கள். மகனின் இருசக்கர வண்டியில் ஜூஜூவாடி வரை சென்றோம். தடுப்பருகே நின்ற காவலர் வயதில் இளையவர். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "பெரியவரே, எங்களுக்கு உத்தரவு இல்லை, அந்தப் பக்கம் விடவும் மாட்டாங்க" என்றார். அவர் மீது நமக்குக் குறையில்லை. அத்திப்பள்ளி வளைவுக்கு அப்பால் ஆபாவின் மகன் நம்மை அழைத்துச் செல்ல வந்து நின்றிருந்தான். நடந்தால் அரை மணிக்கும் குறைந்த வழி. தொலைபேசியில் இருவரும் பேசாமல் சிறிது நேரம் நின்றோம். பிறகு அவன், "மாமு, அடக்கத்துக்கு நேரமாகிறது" என்றான்.

நாம் ஹனஃபி மத்ஹபினர். முன்னிலையில் இல்லாத ஜனாஸாவுக்குத் தொழுகை எங்களிடம் இல்லை. ஷாஃபி மத்ஹபில் உண்டு. நம் மாடியில் குடியிருந்த ஆசிரிய நண்பர் கடற்கரை ஊரினர், ஷாஃபி. செய்தி கேட்டு இறங்கி வந்தவர், சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், நீங்கள் தவறாக நினைக்காவிட்டால் நாங்கள் தொழட்டுமா?" என்று கேட்டார். அவரும் அவருடைய இரு மைந்தர்களும் நம் கூடத்தில் அணிவகுத்து நின்று நான்கு தக்பீர் சொன்னார்கள். நாம் அவர்களுக்குப் பின்னே அமர்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தோம். ஆண்டுக்கணக்கில் மத்ஹபுகளின் வேறுபாடுகளைப் பாடமாக நடத்தியவர் நாம். அன்று அந்தக் கூடத்தில் நமக்கு ஓதக் குரல் எழவில்லை.

அதே காலத்தில் போர்த்துக்கல்லும் ஸ்பெயினும்கூட, 1995 முதல் சோதனையின்றித் திறந்து கிடந்த தம் எல்லையை மூடியிருந்தன என்பதைப் பின்னரே படித்தோம். 2020 ஜூலை முதல் நாள் அதைத் திறந்தார்களாம்.

நமக்கு இன்னும் தாமதமாயிற்று. சில மாதங்கள் கழித்து, கணினி நிலையத்தில் காத்திருந்து இ-பாஸ் எடுத்து, அதை நான்காக மடித்துக் குர்தாவின் பையில் வைத்துக்கொண்டு ஆனேக்கல் சென்றோம். கபரின் மண் அதற்குள் இறுகி, மேலே புல் துளிர்த்திருந்தது. ஆபாவின் பேரன் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "நானா, போலீஸ் உங்களை விட்டுட்டாங்களா?" என்று கேட்டான். சாவடியில் அன்று எவரும் நம்மை நிறுத்தவில்லை. காகிதம் மடித்தபடியே பையில் இருந்தது.