அவசரத்தில் திறந்த கமரா



இன்று உங்களுக்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் தொடர்புடைய அம்மாவின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.

பழைய கமராக்கள்மீது எனக்குள்ள பித்தை நீங்கள் அறிவீர்கள். கடந்த தவக்காலத்தில், திருப்பலி முடிந்தபின், முதிய தாயொருவர் கைக்குட்டையில் சுற்றிய சிறு பொருளொன்றை என் கையில் வைத்தார். விரல் நீளமே உள்ள மினொக்ஸ் பி கமரா அது. கப்பலில் பணியாற்றிய அவருடைய கணவர் ஹம்பேர்க் நகரில் வாங்கியது. "உள்ளுக்குப் படச்சுருள் இருக்கு சுவாமி. ஊரில எடுத்தது. இங்க வந்த பிறகு அவர் அதைத் தொடவேயில்லை" என்றார். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

இதனை உளவாளிகளின் கமரா என்பார்கள். பனிப்போர்க் காலத்தில் நமது இலண்டனின் பிரம்ப்டன் ஓரட்டரி ஆலயத் தூணொன்றின் பின்னால் சோவியத் உளவாளிகள் இரகசியப் பொதிகளை மறைத்து வைத்ததாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் இதனை உருவாக்கிய வால்ட்டர் சாப் விரும்பியது எவரும் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கக்கூடிய ஒரு கமராவையே. 1905இல் இரீகாவில் பிறந்த அவரும், போரின் நடுவே 1941இல் அந்நகரை விட்டு ஜேர்மனிக்குச் சென்றவர். 1945இல் வெற்ஸ்லாரில் மினொக்ஸ் நிறுவனம் தொடங்கிற்று. பி வகை 1958இல் வந்தது. அதன் ஒளிமானி செலினியத்தால் இயங்குவது, பற்றரி வேண்டியதில்லை. மின்சாரமும் பற்றரியும் இன்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவே அதனை மேசை விளக்கின்கீழ் வைத்தேன். இழுத்துத் திறந்து மீண்டும் தள்ளி மூடினால் சுருள் ஒரு படம் நகர வேண்டும். பாதியில் சிக்கியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ பலங்கொண்டு தள்ளினேன். உள்ளே ஏதோ முறிந்த ஓசை கேட்டது. பதற்றத்தில் அடிமூடியையும் நீக்கிவிட்டேன். வயதாகி நொறுங்கும் நிலையிலிருந்த சுருள் கிழிந்து கிடந்தது.

மினொக்ஸ் சுருளில் ஒரு படம் 8க்கு 11 மில்லிமீற்றர். சுருள்பெட்டிக்கு இரண்டு அறைகள் உண்டு. நடுவில் உள்ள சிறு துண்டு மட்டுமே திறந்திருக்கும். அறைக்குள் இருந்தவை பிழைத்தன. நடுவில் இருந்தவை, அதாவது அவர் இறுதியாக எடுத்தவை, என் விளக்கொளியில் அழிந்தன.

எஞ்சியதைப் பழைய சுருள்களைக் கழுவும் அனுபவமிக்க ஒருவரிடம் கொடுத்தேன். கறுப்பு வெள்ளைச் சுருளாதலால் ஒன்பது படங்கள் மங்கலாகவேனும் தெரிந்தன. ஒரு துலாக் கிணறு. முதல் நன்மை உடையில் ஒரு சிறுமி. அவர் இன்று நமது பாடகர் குழுவில் பாடுகிறார்.

படங்களைக் கொடுத்தபோது, நான் அழித்தவற்றையும் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "கடைசிப் படம் எதெண்டு எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபரில வெளிக்கிட்ட அண்டைக்கு, படலையைச் சாத்திப்போட்டு எடுத்தவர். நான் பக்கத்திலதான் நிண்டனான்" என்றார். தொடர்ந்து அந்த நாள் முழுவதையும் சொன்னார். மகள் அதனை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இத்தகைய கமரா இருக்கலாம். சிக்கினால் பலவந்தம் செய்யாதீர்கள். எண்ணெய் விடாதீர்கள். உள்ளே சுருள் உண்டா என்ற ஐயமிருந்தால் முழு இருளில் மட்டுமே திறவுங்கள். பழக்கமில்லையெனில் அறிந்தவரிடம் மூடியபடியே கொடுங்கள். வெறுமையானதென்று உறுதியானபின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மூடுதிரை திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். மெதுவான வேகங்களில் அது தயங்கினால், உள்ளிருக்கும் பழைய எண்ணெய் இறுகியிருக்கக்கூடும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

நமது வீடுகளில் பேசாமல் இருக்கும் பெரியவர்களை நினைக்கும்போதும் இந்தக் கமரா என் நினைவுக்கு வருகிறது. அவர்களை நம் ஆவலின் விளக்கின்கீழ் வைத்து இழுத்துத் திறக்க வேண்டாம். அருகில் அமர்ந்திருப்போம். ஆனால் நெடுங்காலம் தள்ளிப்போடவும் வேண்டாம், சுருளுக்கும் வயதாகிறது.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.