சத்தம் இருக்கு, சாமியக் காணோம்

ஏப்ரல் 17, 2022, ஞாயிறு

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கொரோனாவால் இரண்டு வருஷம் பக்தர்கள் இல்லாமல் நடந்த திருவிழா. இந்த முறை வைகைக் கரையில் கால் வைக்க இடமில்லை. முழங்கால் வலியால் வர முடியாத மேலூர் பெரியம்மாவுக்காகப் பேரன் ஐபோனில் படமெடுத்து, வீட்டு லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். காலையிலேயே போன். "என்னப்பா, கோவிந்தா கோவிந்தான்னு சத்தம் மட்டும் கேக்குது, சாமியக் காணோமே!"

மதியம் போனேன். பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப், விண்டோஸ் 7. திரை முழுக்கக் கறுப்பு. ஃபைல் கெட்டுவிட்டது, அழித்துவிடலாம் என்றான் பேரன். வேண்டாம் என்று தடுத்து, மீடியாஇன்ஃபோவில் திறந்தேன். எம்ஓவி ஃபைல்; ஒலி ஏஏசி, படம் எச்இவிசி, அதுவும் 4கே.

ஃபைலில் ஒரு குறையும் இல்லை. எம்ஓவி என்பது வெறும் உறைதான். உள்ளே ஒலியும் படமும் தனித்தனி முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும்; அந்தந்த முறைக்கான கோடெக் இருந்தால்தான் விரியும். விண்டோஸ் 7 வந்தது 2009இல். எச்இவிசி தரம் வந்தது 2013இல். பிறகு எப்படிப் படம் தெரியும்? எல்லாம் ஓடும் என்று நெட்டில் கிடைக்கிற கோடெக் பேக்கை இறக்கலாமா என்றான். கூடவே என்னென்ன வந்து உட்காருமோ, கூடாது என்றேன். கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் விஎல்சி போதும். 1996இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வேலை, இன்றுவரை இலவசம். ஆனால் அதன் சொந்தத் தளமான வீடியோலேன் திறக்கவே இல்லை. என் பென் டிரைவில் இருந்த பழைய செட்டப்பை ஏற்றினேன். படம் வந்தது, ஆனால் திக்கித் திக்கி. 4கே அந்த லேப்டாப்புக்குத் தாங்காது.

ஏப்ரல் 18

ராத்திரி என் கணினியில் ஹேண்ட்பிரேக் வைத்து எச்.264, 720பி ஆக மாற்றி அனுப்பினேன். தங்கக் குதிரை தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தைப் பெரியம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாராம். இனி எடுப்பவை கோடெக் தொல்லை தராமலிருக்க, ஐபோன் கேமரா ஃபார்மட்டில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைக்கச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15

ஏப்ரலில் திறக்காமல் இருந்த வீடியோலேன் தளத்தின் மீதான தடை நேற்று நீங்கிவிட்டது. பிப்ரவரியிலிருந்தே தடையாம். அக்டோபரில் வீடியோலேன்காரர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் விடிவு. பழைய லேப்டாப்பை வைத்தே காலம் தள்ளும் வீடுகளுக்கு விஎல்சி என்ற இந்த ஒரு மென்பொருள் எவ்வளவு பெரிய உதவி! அதன் வாசலை முன்னறிவிப்பில்லாமல் சாத்தியது அநியாயம். இடைப்பட்ட மாதங்களில் கண்ட தளங்களிலிருந்து விஎல்சி இறக்கியவர்கள் அதை நீக்கிவிட்டு, சொந்தத் தளத்திலிருந்தே மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்களுக்கெல்லாம் இன்று சொல்லியாயிற்று.