குறுக்கா, நெடுக்கா?

மோட்டார் சைக்கிள் எஞ்சின்களுக்குத் தமிழில் கலைச்சொல் தேடி அமர்ந்த நாங்கள் இருவரும், இத்தாலியின் மோட்டோ குஸ்ஸியில் வந்து இடறினோம். 1967-இல் விற்பனைக்கு வந்த அதன் வி7 வண்டியில், 90 பாகை விரிந்த சிலிண்டர்கள் பக்கத்துக்கு ஒன்றாகத் துருத்தி நிற்கும்; 'குறுக்கு எஞ்சின்' என்றார் ஒருவர். கிராங்க் தண்டோ வண்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. 'நெடுக்கு எஞ்சின்' என்றார் மற்றவர். வாதம் முற்றி ஆறு மாதம் பேச்சற்றுப் போனோம்.

டுகாட்டியை நினைத்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். அங்கும் 90 பாகை 'வி'தான். முன் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்திருப்பதால் 'எல்' என்கிறார்கள். எங்களுள் ஒருவர் சிலிண்டரைப் பார்த்திருக்கிறார், மற்றவர் தண்டை. இரண்டும் மெய்யே.

இப்போது எங்கள் பட்டியலில் 'நெடுக்குத் தண்டு, குறுக்கு வி' என்றிருக்கிறது. பாதி அவர் கையெழுத்து, பாதி இவர் கையெழுத்து.